கே.கே. ரோட்டு முனையில் ஒரு பலகை

ஆர்விட் டாலஃப்சன் தன் வீட்டு முன்புறத்தில் தேர்தலுக்கு ஒரே ஒரு பலகைதான் நடுவார். கவர்னர், செனட்டர் என்று ஊர் முழுக்க நிறம் நிறமாகப் பலகைகள் முளைக்கும்போது அவர் புல்தரை வெறுமையாகவே கிடக்கும். ஏப்ரலில் வருகிற நீதிபதி தேர்தலுக்கு மட்டும் ஒன்று. அவர் வக்கீல். யார் முன்னால் போய் நின்று பேசலாம், யார் முன்னால் பேசிப் பயனில்லை என்பது அவருக்குத் தெரியும் என்று அந்த மாவட்டம், ஆல்டர் கவுண்டி, நம்பியது. வீடு இருப்பது கே.கே. ரோடும் ஆற்று ரோடும் சந்திக்கிற முனை. சர்ச்சுக்கும் தீவனக் கடைக்கும் போகிற எவரும் அங்கே வண்டியை நிறுத்தித்தான் திரும்ப வேண்டும். நிறுத்தியவர்கள் பலகையைப் படித்தார்கள். படித்தவர்களில் பாதிப் பேர் அதன்படியே ஓட்டும் போட்டார்கள்.

ஜனவரியில் ஆர்விட் இறந்தார். வீடு மகள் மார்னாவுக்கு வந்தது. இந்த ஏப்ரலில் முனையில் யார் பெயர் நிற்கும் என்ற கேள்வியும் வீட்டோடு சேர்ந்து வந்தது.

மார்னா சர்வேயர். ஐம்பதைத் தாண்டியவள், தனியாள். அளக்க முடியாத எதைப் பற்றியும் அதிகம் பேச மாட்டாள். அப்பாவின் சவ அடக்கத்துக்குப் பிறகு சர்ச் நிலவறையில் ஹாம் ரொட்டியும் உருளைக்கிழங்கு சாலடும் பரிமாறியபோது, வந்தவர்கள் எல்லாரும் அவள் கையைப் பிடித்துவிட்டு அடுத்ததாக அப்பாவிடம் வேலை பார்த்த ரோண்டாவிடம் போய் அழுதார்கள். மார்னா அதைக் கவனித்தாள். அவளிடம் ஒருவரும் அழவில்லை.

முதலில் வந்தவன் க்ளென் ஹூக்ஸ்ட்ரா. அரசு வக்கீல், நீதிபதி பதவிக்கு நிற்கிறவர்களில் ஒருவன். கையில் மூடிய தட்டு.

"உங்கப்பா இல்லாதது ஊருக்கே நஷ்டம், மார்னா. இது என் வீட்டுக்காரி செஞ்சது. ருபார்ப் கேக்."

"வைங்க."

"அப்புறம் அந்த முனை விஷயமா..."

"பனி ஆள் உசரத்துக்குக் குவிஞ்சு கெடக்கு. முனையே கண்ணுக்குத் தெரியல."

"சரி சரி. அவசரமில்ல." க்ளென் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினான். மார்னா கேக்கை அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டாள். நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாவதாக வந்தவள் ரோண்டா கூபியாக், க்ளெனை எதிர்த்து நிற்பவள். கேக் இல்லை. முன்கதவைத் தட்டவும் இல்லை. பின்பக்கமாக வந்து, படியில் காலை உதைத்துப் பனியை உதிர்த்துவிட்டு, கோட்டைக் கொக்கியில் மாட்டினாள். எந்தக் கொக்கி ஆட்டம் காணாதது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கோப்பை அலமாரியின் கதவைக் கொஞ்சம் தூக்கினால்தான் திறக்கும். அதையும் தூக்கியே திறந்தாள். மார்னா இந்த வீட்டில் பிறந்தவள். நேற்றுகூட அந்தக் கதவை இழுத்து நகத்தை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஹூக்ஸ்ட்ரா வந்தானா?" ரோண்டா காப்பியை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"வந்தான்."

"கேக்கா?"

"ம்."

"அவனுக்குப் பதிலா அவன் பொண்டாட்டி கேக் நின்னிருந்தா நான் தோத்தே போயிருப்பேன்."

மார்னா சிரிக்கவில்லை. அப்பா சிரித்திருப்பார். மேசையைத் தட்டிச் சிரித்திருப்பார்.

ரோண்டா கொண்டுவந்த பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். நீல நிறம், வெள்ளை எழுத்து. பக்கத்தில் ஒரு துண்டுப் பிரசுரம். "கேக்கறதுக்குச் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா கேக்காம விட்டா உங்கப்பா எந்திரிச்சு வந்து திட்டுவாரு."

"எங்கப்பா யாரையும் திட்ட மாட்டாரு."

"உன்னைத் திட்ட மாட்டாரு. என்னைத் திட்டாத நாள் கெடையாது."

அதுவும் குத்தியது. ஒருத்தியைத் தினமும் திட்ட வேண்டுமானால் தினமும் அவளிடம் பேச வேண்டும். மார்னாவோடு அப்பா பேசியது எல்லாம் வண்டிக்கு எண்ணெய் மாற்றினாயா, ரோடு வழுக்குகிறதா என்பதோடு முடிந்துவிடும்.

"வச்சிட்டுப் போ. நானே நட்டுக்கறேன். தரை உறைஞ்சு கெடக்கு, உன்னால குத்த முடியாது."

ரோண்டா அவள் தோளைத் தொடக் கையை நீட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, அந்தக் கையால் கோப்பையை எடுத்துக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அவள் போனதும் மார்னா பிரசுரத்தைப் படித்தாள். 'ரோண்டா கூபியாக், உங்களில் ஒருத்தி' என்று தலைப்பு. பால் லாரி ஓட்டுநரின் மகள். சீஸ் ஆலைக்குப் பின்னால் இருந்த வாடகை வீட்டில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் ஆர்விட் டாலஃப்சனின் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவள். இன்று இருபத்தைந்து ஆண்டு அனுபவமுள்ள வக்கீல்.

எல்லாம் உண்மைதான். ஆனால் பிரசுரத்தில் இல்லாதது மார்னாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பொறாமைக்காரர்களைப் போல மற்றவர் வாழ்க்கையை யாரும் கவனமாகப் படிப்பதில்லை.

ரோண்டாவின் அம்மா ஒரு நாள் மளிகைக்குப் போகிறேன் என்று போனவள், டுலூத் நகரத்திலிருந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினாள். அப்பன் ஸ்டான் கூபியாக் மகளைப் பால் லாரியின் முன்சீட்டில் உட்காரவைத்தே வளர்த்தான். விடியுமுன் பண்ணை பண்ணையாகப் போவார்கள். மாட்டுக்கொட்டிலில் நின்று குடியானவர்கள் பேசுகிற வழக்குகளைக் கேட்டுக் கேட்டுத்தான் அவள் காது பழகியது. யாருக்கும் யாருக்கும் வேலித் தகராறு, எந்த மருமகள் எந்த மாமியாரோடு பேசுவதில்லை, எந்தக் கொட்டில் தானாகத் தீப்பிடித்தது, எது தானாகப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூட பஸ்ஸில் அவள் ஏறினால் பால் நாற்றம் என்று பிள்ளைகள் மூக்கைப் பிடித்தார்கள். மார்னாவும் அந்த பஸ்ஸில்தான் போனாள். அவள் மூக்கைப் பிடிக்கவில்லை. ஆனால் பக்கத்தில் இடமிருந்தும் பையை எடுத்துக் கீழே வைக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரோண்டா செய்தது காப்பி போடுவது. வழக்கோடு வருகிற கட்சிக்காரர்கள் ஆர்விட்டின் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசும்போது அவள் காப்பியோடு நின்று, எதிர்ப்பக்கம் கிடக்கும் காகிதங்களைத் தலைகீழாகவே படித்தாள். ஒரு நாள் ஆர்விட் ஒரு காகிதத்தை அவள் பக்கமாகத் திருப்பிவைத்தார். "நேரா படி, கண்ணு. கழுத்து சுளுக்கிக்கும்."

இதை அப்பாவே வீட்டில் சொல்லிச் சிரித்தார். மார்னா அப்போது பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். கதை அவளுக்கு மறந்திருக்கும். 'கண்ணு' மறக்கவில்லை. அவளை அப்பா மார்னா என்றுதான் கூப்பிட்டார், ஒவ்வொரு தடவையும், முழுசாக.

அதன் பிறகு ரோண்டா இரவு வகுப்பு படித்தாள், சட்டக் கல்லூரிக்குப் போனாள், நடுவில் படகு விற்கிற ஒருவனைக் கட்டிக்கொண்டாள், அவனை விட்டாள், ஒரு மகனை வளர்த்துக் கடற்படைக்கு அனுப்பினாள். அவள் பட்டமளிப்பு விழாவுக்கு ஆர்விட் மே மாதத்து ஆலங்கட்டி மழையில் தலைநகர் மேடிசன் வரை வண்டி ஓட்டிக்கொண்டு போனார். மார்னாவின் பட்டமளிப்பு நாளில் அவருக்கு நீதிமன்றத்தில் வழக்கு இருந்தது. வாழ்த்துக்கு நல்ல திசைகாட்டி ஒன்று அனுப்பினார்.

குடித்து வண்டி ஓட்டியவர்கள், குழந்தையை யார் வைத்துக்கொள்வது என்று அடித்துக்கொள்கிற தம்பதிகள், வேலித் தகராறுகள் எல்லாம் ரோண்டாவிடம் வந்தன. பணம் இல்லாதவர்கள் மான்கறி சாசேஜும் விறகும் கொண்டுவந்து இறக்கினார்கள். குழந்தை வழக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் நீதிமன்றத்துக்குப் பின்னால் நிறுத்திய காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத்தான் கிளம்புவாள். இதுவும் ஊருக்குத் தெரியும். ஊருக்கு அவளைப் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மத்தியானங்களில் அவளும் ஆர்விட்டும் ரொட்டியைக் கடித்துக்கொண்டே கிரிபேஜ் ஆடினார்கள். அது சீட்டும், குச்சி செருகிக் கணக்கு வைக்கிற பலகையும் வைத்து ஆடுகிற ஆட்டம். மார்னாவுக்கு அந்த ஆட்டம் தெரியாது. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

பிரசுரத்தின் கடைசி வரி இப்படி இருந்தது: 'என்னை வளர்த்தவர்கள் இருவர். என் அப்பா ஸ்டான் கூபியாக், ஆர்விட் டாலஃப்சன்.'

மார்னா அதை இரண்டாக மடித்தாள். நான்காக மடித்தாள்.

இன்னொன்றும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவுக்கு முடியாமல் போன அன்று அவள் வடக்கே ஒரு காட்டு வேலையில் இருந்தாள். போனில் சிக்னல் இல்லை. ஆஸ்பத்திரியில் ரோண்டாதான் இருந்தாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததும் அவள்தான். வேட்புமனுவுக்கு ஊரில் கையெழுத்து வாங்கியபோது ஆர்விட் அவளுக்குப் போட்டுக்கொடுத்ததுதான் அவர் போட்ட கடைசிக் கையெழுத்து. கடைசிப் பேச்சு என்ன என்று மார்னா கேட்கவில்லை. கேட்டால் அது ரோண்டாவின் சொத்து என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆனால் இரவில் அவள் தூக்கமில்லாமல் புரளும்போதெல்லாம் மனக்கண்ணில் அப்பா என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார், ரோண்டா குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை மார்னா கடப்பாரையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

இந்தக் கவுண்டியில் எல்லாரும் செய்கிற ஒரு தப்பு உண்டு. புல் வெட்டுகிற இடம் வரை தன் நிலம் என்று நினைப்பார்கள். ஆர்விட் வாழ்நாள் முழுக்க ரோட்டோரப் பள்ளம் வரை வெட்டினார். உண்மையில் ரோட்டுக்குச் சேர்ந்த நிலம் புல்தரைக்குள் வெகுதூரம் வருகிறது. ரோட்டு நிலத்தில் தேர்தல் பலகை வைப்பது விதிக்கு விரோதம். சாதாரணமாக யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் இந்த முனையில் கே.கே. ரோட்டுக்கு அடியில் போகும் தண்ணீர்க் குழாயை மாற்ற வேண்டியிருந்தது. அதற்காக அக்டோபரிலேயே ரோட்டு நிலத்தின் எல்லையை அளந்து குட்டைக் கட்டைகள் அடித்து இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். அளந்தவள் மார்னா. பனி தள்ளுகிற வண்டி பின்னால் கட்டைகளைப் புதைத்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டே ஒவ்வொரு கட்டையும் எங்கே என்று அவளால் சொல்ல முடியும்.

பனியைத் தோண்டித் தரையைக் கண்டுபிடித்தாள். கடப்பாரையால் இரண்டு துளை போட்டாள். பலகையின் கம்பிக் கால்களை இறக்கினாள். எல்லையிலிருந்து ஒரு எட்டு ரோட்டுப் பக்கம்.

இப்படி வைத்தால் வண்டியில் போகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே அது பொய் என்று தெரிந்தது. கையைத் தட்டிவிட்டு உள்ளே போய்க் காப்பி குடித்தாள்.

மார்ச் நடுவில் வெயில் வந்தது. பனிக்குவியல் கறுத்து, உட்கார்ந்து, ஓடையாக ஓடியது. இளஞ்சிவப்பு ரிப்பன்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நேர்கோட்டில் நின்ற ரிப்பன்களுக்கு முன்னால், ரோட்டு நிலத்தில், நீலப் பலகை. குழந்தைகூடச் சொல்லிவிடும். ஹூக்ஸ்ட்ராவின் மச்சினன் வண்டியை நிறுத்திப் படம் பிடித்தான். சாயங்காலத்துக்குள் அது ஊர் முழுக்கப் போன்களில் இருந்தது. கீழே ஒரு வரி: 'எல்லை எது என்று தெரியாதவர் நமக்கு நீதிபதியா?'

அந்த வெள்ளிக்கிழமை படைவீரர் சங்க ஹாலில் மீன் வறுவல். தவக்காலத்தில் அங்கே வராத ஆள் கிடையாது. நீதிபதிக்கு நிற்கிறவர்கள் மேசை மேசையாகப் போய்க் கைகுலுக்குவதும் அங்கேதான். மார்னா ஓரத்து மேசையில் மீனும் கோஸ் சாலடும் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். ரோட்டு இலாகா ஆள் டுவெய்ன் பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்தான். குரல் பெரிது, வயிறு அதைவிடப் பெரிது.

"யாருதுப்பா இது? ரோட்டுல அனாதையா நின்னுட்டிருந்துச்சு, பாவம். பசிக்குதுன்னுச்சு, கூட்டிட்டு வந்தேன்!"

ஹால் முழுக்கச் சிரிப்பு. யாரோ, "அதுக்கும் ஒரு பிராந்தி ஊத்துங்கடா!" என்றார்கள்.

ரோண்டா வயதான ஒரு தம்பதியிடம் குனிந்து பேசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். முகம் ஒரு கணம் வெளுத்தது.

"ஏம்மா ரோண்டா," டுவெய்ன் விடவில்லை, "ஊரான் வேலிச் சண்டையெல்லாம் நீதானே தீர்த்து வைக்கற? உனக்கே எல்லை தெரியலன்னா நாங்க எங்க போறது?"

மார்னாவின் முள்கரண்டி பாதியில் நின்றது. இப்போது ரோண்டா சொல்லிவிடுவாள். நட்டது அந்த ஓரத்து மேசையில் உட்கார்ந்திருக்கிற சர்வேயர் என்று சொன்னால் போதும். யாருக்கும் சந்தேகம் வராது, சிரிப்பு இந்தப் பக்கம் திரும்பும்.

ரோண்டா மார்னா இருந்த பக்கமே பார்க்கவில்லை. "என் பேர் இருக்கு, அப்ப என் தப்புதான். அபராதம் போடு டுவெய்ன், கட்டறேன். ஆனா ரசீது குடுக்கணும். உன் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருந்தா செல்லாது."

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை அவள் பக்கமாக. ஆனாலும் சிலர் சிரிக்கவில்லை. தம்பதியில் கிழவர் தட்டைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார். க்ளென் ஹூக்ஸ்ட்ரா கௌரவமாக மெல்லச் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தான்.

மார்னா கோபத்தோடு தட்டைத் தள்ளிவைத்தாள். மாட்டிக்கொள்ளாமல் தப்பித்த நிம்மதி ஒரு துளி இல்லை. அப்பா அங்கே நின்றிருந்தால் இதையேதான் சொல்லியிருப்பார். இதே மாதிரி, இதே தொனியில், ஒரு கையைப் பையில் விட்டுக்கொண்டு. மார்னாவுக்குக் கிடைத்தது அவருடைய மூக்கு மட்டும். மற்றதையெல்லாம் இவள் வாரிக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை அப்பாவின் அலுவலகத்துக்குப் போனாள். மெயின் தெருவில் இரும்புக் கடைக்கு மேலே மாடி. அந்தப் படிகளில் ஏறிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ரோண்டா தரையில் உட்கார்ந்து உறைகளில் முகவரி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன் சொல்லல?" மார்னா வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"என்னத்த?"

"நட்டது நான்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். தெரிஞ்சுதான் நட்டன்னும் தெரியும்." ரோண்டா அடுத்த உறையை எடுத்தாள். "உன் கை தப்பாதுன்னு உங்கப்பா என்கிட்ட சொல்லிச் சொல்லிக் காதே புளிச்சுப் போச்சு. நீ ஒரு எட்டு தள்ளி வச்சா அது ஒரு எட்டு தள்ளி வைக்கணும்னு வச்சது."

"அவரு என்னைப் பத்திப் பேசவே மாட்டாரு."

"உன்கிட்ட மாட்டாரு. வா இங்க." ரோண்டா எழுந்து ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். "நில்லு அங்க. என்ன தெரியுது?"

மார்னா நின்றாள். பாங்கி முனை, தபாலாபீஸ், பாலம் வரை மெயின் தெரு.

"நீ அளக்கற கருவியை முக்காலில வச்சு நிக்கற எடம் பூராத் தெரியும். உன் ஆரஞ்சு வண்டி பாலத்துல ஏறினா போதும், சீட்டைக் கவுத்துட்டு இங்க வந்துருவாரு. ஒரு நாள், கேளு, எனக்கு மூணு அஞ்சு, ஒரு ஜாக்கி. வெட்டின சீட்டும் அஞ்சு, அதுவும் ஜாக்கியோட அதே ரகம். அதுக்கு மேல கிரிபேஜுல கையே கெடையாது, மார்னா. எழுபது வருஷம் ஆடின கெழவனுங்க அதைப் பாக்காமயே சாவானுங்க. நான் வாயைத் தொறக்கறேன், இவரு எந்திரிச்சு ஜன்னலுக்குப் போயிட்டாரு. 'இங்க பாரு கண்ணு, அவ குனியறதப் பாரு. ஒரு தடவைதான் பாப்பா. ரெண்டாந்தடவை பாக்கவே மாட்டா'ன்னாரு. நான் சீட்டைக் கையில வச்சிட்டு உக்காந்திருக்கேன். திரும்பி வந்து, 'எங்க விட்டோம்?'னு கேட்டுட்டு எல்லாத்தையும் வாரிக் கலைச்சுட்டாரு."

மார்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ரோண்டாவுக்கும் வரவில்லை. இத்தனை வருடமாகியும் அவள் கண்ணில் அது எரிந்தது.

"நீ அப்பவே சொல்லியிருக்கலாமே, என்கிட்ட. இப்படிப் பாக்கறாருன்னு."

"நான் எதுக்குச் சொல்லணும்? அவரு வீட்டுக்குப் போனா நீ இருக்க. எனக்கு இந்த மத்தியானம் ஒண்ணுதான். அதுலயும் பாதி நீ. முப்பது வருஷமா உன்னைக் கண்டா எனக்கு வயிறெரியும். சொல்ல மாட்டேன்னு வச்சிட்டேன்."

நீதிபதிக்கு நிற்கிறவள் பேசுகிற பேச்சில்லை அது. பால் லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த பெண் பேசுகிற பேச்சு. மார்னாவுக்கு அவளை முதல் முறையாகக் கொஞ்சம் புரிந்தது. பிடித்ததா என்றால் இல்லை.

"கடைசில என்ன சொன்னாரு?" வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"எப்ப?"

"ஆஸ்பத்திரில."

"ஒண்ணும் சொல்லல."

"மறைக்காத."

"மறைக்க என்ன இருக்கு? நான் போறப்பவே நெனவில்ல. கொறட்டைதான். அந்தக் கொறட்டை உனக்குத் தெரியாதா, மரம் அறுக்கற மாதிரி. அப்புறம் அதுவும் நின்னுருச்சு."

மார்னா ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் அவளைத் தூங்கவிடாத அந்தப் பேச்சு இல்லவே இல்லை. யாருக்கும் கிடைக்கவில்லை. அவள் பொறாமைப்பட்டது ஒரு குறட்டையைப் பார்த்து. அப்பாவின் குறட்டை சுவர் தாண்டி வரும். சிறுமியாக இருந்தபோது தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு தூங்கியிருக்கிறாள். அதைக் கேட்க இப்போது என்ன வேண்டுமானாலும் கொடுப்பாள். அழுகை வந்தது. தெருவைப் பார்த்தபடியே அழுதாள். ரோண்டா கிட்டே வரவில்லை, உறை ஒட்டுவதையும் நிறுத்தவில்லை. அதற்காக மார்னா மனதுக்குள் நன்றி சொன்னாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"டுவெய்ன். மார்னா பேசறேன். அந்தப் பலகையை நட்டது நான்."

"நீயா? நீ சர்வேயரும்மா!" மறுமுனைச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"தெரிஞ்சேதான் அங்க நட்டேன். ரோண்டாவுக்குத் தெரியாது."

"எதுக்கு?"

"அது உனக்கு வேணாம். இதை ஊர்ல சொல்லு."

"சொல்லணுமா? உன் பேரு கெட்டுப் போகுமே. நாளைக்கு நம்ம இலாகாவே உனக்கு வேலை குடுக்க யோசிக்கும்."

"யோசிக்கட்டும். நீ இதுவரைக்கும் சொல்லாம விட்ட விஷயம்னு ஒண்ணு இருக்கா?"

"அதுவும் சரிதான்," என்று டுவெய்ன் ஒத்துக்கொண்டான். மத்தியானத்துக்குள் தீவனக் கடை வரை விஷயம் போய்விட்டது.

அன்றைக்கே இருவரும் முனைக்குப் போனார்கள். மார்னா இரும்பைக் கண்டுபிடிக்கிற கருவியைத் தரைமேல் நகர்த்தினாள். புல்லுக்கடியில் எல்லைக்காகப் புதைத்த இரும்பு இருந்த இடத்தில் அது கீச்சிட்டது. ரோண்டா சொல்லாமலே டேப்பின் நுனியை எடுத்து இரும்பின் தலையில் வைத்து, கட்டைவிரலின் பக்கவாட்டால் அழுத்திப் பிடித்தாள். நகத்தால் இல்லை, பக்கவாட்டால். மார்னாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படிப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பவர் ஒருவர்தான். ஏழு வயதில் அப்பா மார்னாவுக்குக் கற்றுக்கொடுத்தார், இதே புல்தரையில்.

"இதையுமா உனக்குச் சொல்லிக் குடுத்தாரு?"

"ஒரு வேலிக் கேஸுக்கு. ஏன்?"

"ஒண்ணுமில்ல. ஆட்டாம பிடி."

ஒன்றும் ஆறிவிடவில்லை. பழைய இடத்தில்தான் குத்தியது, பழைய வேகத்தில்தான். மார்னா எல்லையைத் தாண்டி வீட்டுப் பக்கமாக நன்றாக உள்ளே வந்து கடப்பாரையை ஓங்கினாள். தரை இளகியிருந்தது. ஒரே குத்தில் இறங்கியது.

"இவ்வளவு உள்ளயா? ரோட்டுலேந்து தெரியாதே," என்றாள் ரோண்டா.

"தெரியும். சர்வேயர் நீயா நானா?"

ரோண்டா கூபியாக் ஜெயித்தாள். பெரிய வித்தியாசத்தில் இல்லை, ஹூக்ஸ்ட்ரா மறுபடி எண்ணச் சொல்லலாமா என்று யோசிக்கும் அளவில். மார்னாவின் வாக்குமூலம் அதற்கு உதவியதா கெடுத்ததா என்று ஊர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. ரோட்டு இலாகா அந்தக் கோடைக்கான அளவு வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்தது.

தேர்தல் முடிந்து சீக்கிரமே பலகைகளை எடுத்துவிட வேண்டும் என்பது கவுண்டி விதி. ரோண்டாவின் ஆட்கள் ஊரைச் சுற்றி எல்லாவற்றையும் பிடுங்கிக் கட்டுக்கட்டாக அடுக்கினார்கள். முனையில் இருந்ததை மட்டும் தொடவில்லை. புல் வளர்ந்தது. மார்னா அப்பாவின் இயந்திரத்தை எடுத்துப் பள்ளம் வரை வெட்டினாள், அது யார் நிலம் என்று தெரிந்தே வெட்டினாள். பலகையைச் சுற்றி வளைத்து வெட்டினாள்.

மே மாதத்தில் ஒரு மத்தியானம் போன் அடித்தது.

"மார்னா, அந்தப் பலகை இன்னும் நிக்குது."

"ஆமா."

"கெடு முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. நான் இப்ப நீதிபதி. கோர்ட்டுக்குப் போறப்ப தெனம் அதைப் பாத்துட்டுப் போறேன். எனக்கு அசிங்கமா இருக்கு. எடுத்துரு."

"அது என் நிலத்துல இருக்கு," என்றாள் மார்னா. "வந்து அபராதம் போடு."